என் கணவர் வாங்கிய குளிர்

நோர்வேயில் அம்மருட் அடுக்குமாடியில் நாங்கள் இருந்த காலத்தில் குளிரைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து எங்கோ ஓரிடத்திலிருந்து வெந்நீர் குழாய்களில் ஓடி வரும். எங்கள் வரவேற்பறைச் சூடாக்கியின் திருகு எப்போதோ இறுகிப்போய்விட்டதால் அதைக் குறைக்கவும் வழியில்லை. தை மாதத்தில் என் கணவர் சாரமும் பெனியனுமாக யன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார். கீழே சனங்கள் கண் மட்டும் தெரிய மூடிக்கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவதைப் பார்த்து "பாவங்கள்" என்பார். அன்று காலை தானும் அதே கோலத்தில் பஸ் ஓட்டப் போனவர் என்பது அவருக்கு நினைவில் இருக்காது.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தனிவீடு வேண்டும் என்று ஆசை வந்தது. அவருடைய சிநேகிதர்கள் ஒவ்வொருவராக லோறென்ஸ்கூக் என்ற புறநகரில் தனிவீடு வாங்கிக் குடிபோய்விட்டார்கள். பிறந்தநாள் விழாக்களில் சந்தித்தால் அவர்கள் புல் வெட்டும் மெஷினைப் பற்றிக் கதைப்பார்கள். புல்லே இல்லாத என் கணவர் நடுவில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

"எங்களிட்டை வீடு இருக்குத்தானே" என்றேன்.

"அது காத்திலை தொங்குற வீடு. நிலத்திலை நிக்கிற வீடு வேணும்."

அந்த வீட்டை நாங்கள் பார்த்தது ஓகஸ்ட் மாதத்தில். வெள்ளைப் பூச்சடித்த பழைய மரவீடு. பெரிய பெரிய யன்னல்கள், எல்லாவற்றிலும் வெயில். வீட்டு முகவர் இளம்பெண். "இந்த வீட்டில் ஒரு ஷார்ம் இருக்கிறது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். வசீகரம் என்று அர்த்தம். முகவர்கள் அந்தச் சொல்லை எடுத்தால் எதையோ திருத்த வேண்டியிருக்கிறது என்பதும் அதற்குள் அடங்கும் என்று நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

இதில் நான் என் கணவரை மட்டும் குறைசொல்ல முடியாது. நான் ஒரு சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறேன். மாரிகாலத்தில் என் வேலையில் பாதி, குழந்தைகளுக்கு உடுப்புப் போடுவது. தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத முழு உடுப்பு, கையுறை, கழுத்துறை. ஒரு குழந்தையின் பிடரியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாலே அதற்கு ஓர் அடுக்குக் குறைகிறதா கூடுகிறதா என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் அந்த வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நான் கையில்லாத சட்டை போட்டிருந்தேன், தோட்டத்தில் அப்பிள் பழுத்திருந்தது. வாங்கிவிட்டோம்.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் மாலை வரவேற்பறையில் இருந்தபோது திரைச்சீலை மெல்ல ஆடியது.

"இஞ்சாருங்கோ, யன்னல் திறந்து கிடக்கோ?"

"இல்லையே."

"அப்ப ஏன் திரை ஆடுது?"

அவர் எழுந்துபோய் யன்னலைத் தடவிப் பார்த்தார். பூட்டியபடிதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வீடு மூச்சு விடுது. மரவீடு எண்டால் மூச்சு விடத்தானே வேணும்."

மார்கழி வந்தபோது அந்த வீடு ஓட்டப்பந்தயம் ஓடி முடித்ததுபோல மூச்சு விட்டது. வரவேற்பறையில் அழகான ஒரு கல்லடுப்பு இருந்தது; ஆனால் புகைபோக்கியைச் சோதிக்க வந்தவர் அதில் வெடிப்பு இருக்கிறது, எரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். யன்னல்களுக்குக் கீழே இருந்த மின்சார ஹீட்டர்கள் ஒழுங்காக வேலை செய்தன. அவற்றின் சூடு நேராக வெளியே போய் அப்பிள் மரத்துக் குருவிகளுக்குப் பயன்பட்டது. எல்லா ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் விழுந்துவிடும். அம்மருட்டில் எப்போதும் தண்ணீர்போல ஊற்றிய தேங்காய் எண்ணெயை நான் இங்கே கரண்டிக்காம்பால் குத்தி எடுத்தேன். அரைத்து வைத்த தோசைமா இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் கணவர் மட்டும் குளிர்கிறது என்று சொல்லவே மாட்டார். வீட்டுக்குள் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், தலைமுடி கொட்டுகிறது, அதனால் என்றார். சாரத்துக்குக் கீழே நீளக் காற்சட்டை வந்தது. அது முழங்காலுக்கு நல்லதாம். வெப்பமானி ஒன்று வாங்கி வந்து, எவர் வந்து பார்த்தாலும் இருபத்திரண்டு பாகை காட்டும்படி வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தில் சூடு வருமே, அதற்கு நேரே மேலே வெப்பமானி இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டுபோய் வரவேற்பறை மேசையில் வைத்தாள். சிவப்புக் கோடு பதினைந்துக்கு இறங்கிவந்தது.

"ஏர்லிக் தால்ட், அப்பா" என்றாள். உண்மையாகச் சொல்வதென்றால் என்பதற்கு இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் பாவிக்கும் வார்த்தை. "இது ஏமாத்து."

"அது சுகாதாரமான குளிர், பிள்ளை. நோர்வேக்காரர் யன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுக்கிறவை."

"அவை போர்வைக்குள்ளை படுக்கிறவை அப்பா. நாங்கள் சாப்பிடுறம்."

அந்த வீட்டில் சூடான அறை என்று ஒன்றே ஒன்று இருந்தது: குளியலறை. முன்பு இருந்தவர்கள் அதை மட்டும் புதுப்பித்து, தரைக்குக் கீழே சூட்டுக்கம்பி ஓடவிட்டிருந்தார்கள். வெறுங்காலை வைத்தால் கடற்கரை மணல்போல இருக்கும். முதலில் அங்கே குடிபோனது தோசைமா. ஒரே இரவில் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. அடுத்து மகள். மார்கழிப் பரீட்சைக்கு அவள் உடுப்புக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தோசைமாவுக்குப் பக்கத்தில் இருந்து படித்தாள்.

"பிள்ளை, அப்பாக்கு அவசரம்" என்று அவர் கதவில் தட்டுவார்.

"இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாறன்."

பிறகு அவர் உள்ளே போனால் அவரும் வரமாட்டார். நான் போய்த் தட்டினால் உள்ளே பத்திரிகைத்தாள் புரளும் சத்தம் கேட்கும். எங்கள் குடும்பத்தில் அந்த வருடம் நடந்த சண்டைகள் எல்லாம் குளியலறைக் கதவடியில் நடந்தவை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் தம்பதியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். அந்தப் பெண் கோயம்புத்தூர்ப் பக்கம். எங்கள் சிறுவர் பள்ளிக்கு யாராவது வராத நாட்களில் பதில் வேலைக்கு வருவாள். கணவன் கணினி வேலை செய்பவன். எங்களுக்குக் கிட்டத்தான் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். நான் அவளைப் "பிள்ளை" என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். "வாரும், இருந்து கதைப்பம்" என்றால், "ஏதாச்சும் கதை சொல்லப் போறீங்களாக்கா?" என்பாள்.

என் கணவர் வாசலில் நின்று இருவருடைய குளிரங்கிகளையும் வாங்கிக் கொழுவினார். முகத்தில் ஒரு வீட்டுக்காரரின் பெருமிதம் இருந்தது. சோற்றுப் பானையைத் திறந்தபோது ஆவி எழும்பிக் கொஞ்ச நேரம் எங்கள் முகங்கள் ஒருவருக்கொருவர் தெரியவில்லை. அந்தப் பிள்ளை சாம்பார்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஊற்றவில்லை.

கணவன்காரன் மெதுவாகக் கேட்டான்: "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த ஜாக்கெட்ட மட்டும் எடுத்துக்கட்டுங்களா?"

"எடுங்கோ தம்பி. உங்களுக்கு இன்னும் குளிர் பழகேல்லை."

"நாங்க வந்து நாலு வருசம் ஆச்சுங்க சார்."

"அது காணாது" என்றார் என் கணவர், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு.

சாப்பிட்டுக் கை கழுவ என்று போன பெண் திரும்பி வரவில்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் எழுந்து போனேன். வயிற்றுக்கு ஏதும் செய்கிறதோ, என் சமையலில் ஏதும் பிழையோ என்று பயம்.

"பிள்ளை, ஒண்டும் பிரச்சினை இல்லையே?"

கதவு மெல்லத் திறந்தது. அவள் உடுப்புத் தோய்க்கும் மெஷினில் சாய்ந்து, கால்களை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்தில் தோசைமா வாளி.

"அக்கா, இங்க ரொம்ப நல்லா இருக்குங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டுங்களா?"

எனக்கும் காலை முதல் பாதம் விறைத்துப்போய்த்தான் இருந்தது. நானும் உள்ளே போய் அவள் பக்கத்தில் இருந்துவிட்டேன். மகள் எங்களைத் தேடி வந்தவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பாயாசத்தை மூன்று கோப்பையில் எடுத்து வந்து, கதவைக் காலால் சாத்தினாள். சூடு போகக் கூடாதல்லவா. அந்தப் பிள்ளை அன்று எங்களுக்குத் தன் மாமியாரைப் பற்றி எல்லாம் சொன்னாள். தரை சூடாக இருந்தால் மனிதர்களுக்கு மனம் திறக்கும்போல.

கடைசியில் கதவைத் திறந்தவர் என் கணவர். மூன்று பெண்கள் குளியலறைத் தரையில் வட்டமாக இருந்து பாயாசம் குடிப்பதை அவர் பார்த்தார். அவருக்குப் பின்னால் குளிரங்கியோடு நின்ற இளைஞன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இடம் இருக்குங்களா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். பிறகு ஐந்து பேரும் அங்கேதான் இருந்தோம். என் கணவர் வாசற்படியில்.

அவர்கள் போன பிறகு அவர் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வெயில் வரட்டும். சுவரைத் திறந்து பாப்பம்."

அந்த மனிதர் தோல்வியை ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். நானும் அதைக் கேட்காத மாதிரி மிச்சச் சோற்றை டப்பாவில் போட்டேன். சந்தோசத்தைக் காட்டினால் மனம் மாறிவிடுவார்.

வைகாசியில் போலந்துக்காரத் தச்சர்கள் வந்தார்கள். வெளிப்பலகைகளைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மரத்தூள் கொட்டியது. வீடு கட்டிய காலத்தில் சுவர் முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடங்களில் அது அமிழ்ந்து அமிழ்ந்து என் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே வெறும் காற்று. பெரிய தச்சர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"அதுதான் இருக்கேக்கை பரவாயில்லை, எழும்பினால் குளிருது" என்றேன்.

"நான் உங்களை இருக்கச் சொல்லித்தானே சொன்னனான்" என்றார் என் கணவர்.

சுவர் திறந்து கிடந்ததால் பக்கத்து வீட்டு முதிய பெண்மணியும் வந்தார். அதுவரை எங்களுக்கு "ஹை" மட்டும் சொன்னவர். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, சுவருக்குள் தலையை விட்டுப் பார்த்து, நெடுநாள் சந்தேகம் தீர்ந்தவர்போலத் தலையாட்டினார். இங்கே முன்பு இருந்த கிழவர் படுக்கும்போதும் தொப்பி போட்டிருப்பார் என்றார். நான் என் கணவரைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"அவர் இப்ப எங்கே?" என்று கேட்டேன்.

"ஸ்பெயினில்" என்றார். "குளிர் தாங்கவில்லையாம்."

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் பிளாஸ்டிக் தாளுக்குள் குடியிருந்தோம். தச்சர்கள் சுவருக்குள் சூட்டைப் பிடித்துவைக்கும் கல்லுப்பஞ்சு வைத்தார்கள். அதற்கு மேல் காற்றுத் தடுப்பு, அதற்கு மேல் புதுப் பலகை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது; இவர்களும் வீட்டுக்கு உடுப்புத்தான் போடுகிறார்கள், வரிசை கூடக் கிட்டத்தட்ட அதேதான். கூரைக்குள் பஞ்சு விரிக்கும் வேலையை என் கணவர் தானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கி வந்தபோது கழுத்தும் மணிக்கட்டும் சிவந்து தடித்திருந்தன. ஒரு கிழமை சொறிந்துகொண்டே பஸ் ஓட்டினார். பயணிகள் அவரைவிட்டுத் தள்ளியே நின்றார்களாம்.

யன்னல்கள் கடைசியாக வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணாடி. கடைசி யன்னலைப் பூட்டியதும் வீட்டுக்குள் திடீரென்று ஓர் அமைதி. நான் என் காது அடைத்துவிட்டதென்று நினைத்தேன். அதுவரை தெருமுனையில் பஸ் நின்று கதவு திறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அதை வைத்தே எந்த ஓட்டுநர் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறான் என்று என் கணவர் சொல்வார். இப்போது கேட்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கவலைதான்.

அடுத்த மாரி வந்தது. வெளியே உறைபனி விழுந்த முதல் நாளை நான் மறக்க மாட்டேன். பகல் முழுக்கக் குழந்தைகளோடு வெளியே பனியில் நின்றுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்று, கால் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாததுபோல வந்து கதவைத் திறந்தேன். ஹீட்டரின் சூடு முகத்தில் அடிக்கும், முதுகு குளிரும். அது எனக்குத் தெரிந்த சூடு. இது அப்படி இருக்கவில்லை. எங்கும் ஒரே மாதிரி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியாமல் இருந்தது. நான் சப்பாத்தைக் கழற்றாமல், விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையில் ஓர் அறை இருக்கிறது. முதல் வருடம் அதன் கதவின் கீழே பழைய துவாயை அடைத்துவிட்டு அப்படி ஓர் அறை இல்லை என்பதுபோல வாழ்ந்தோம். இப்போது அங்கே வெறுங்காலோடு நிற்க முடிந்தது. என் தையல் மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்தேன். வாங்கி ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அந்த வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது என்று சொல்லலாம்.

ஆனால் சூடு வந்ததோடு வேறொரு தொல்லையும் வந்தது. முன்பெல்லாம் விருந்தினர் வந்தால் மகளின் பட்டுச்சேலைப் படங்களைக் காட்டுவோம். இப்போது என் கணவர் சுவரைக் காட்டுகிறார். தேநீர்க் கோப்பையைத் தட்டோடு யன்னல் விளிம்பில் வைத்து, "பாருங்கோ, எவ்வளவு தடிப்பு" என்பார். கையை எடுத்துக் கண்ணாடியில் வைக்கச் சொல்வார். வைக்காதவர்களுக்குச் சாப்பாடு பிந்தும். கொண்டாட்டங்களில் சிநேகிதர்கள் புல் வெட்டும் மெஷினைத் தொடங்கினால், இவர் கல்லுப்பஞ்சைத் தொடங்குவார். ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "அண்ணைக்கு ஏதும் அந்தக் கொம்பனியிலை பங்கு இருக்கோ?" என்று கேட்டார்.

அவர் மனதுக்குள் ஒரு சோதனைக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அது மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை குளிர். காலையில் நான் இடியப்பம் அவித்து இறக்கிய கையோடு மின்சாரம் நின்றது. எங்கள் பகுதி முழுக்க நின்றிருந்தது. எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது, மாலை ஆகும் என்று தகவல் வந்தது.

என் கணவர் முகத்தில் ஒரு பிரகாசம். "இனிப் பாருங்கோ" என்றார். எதை என்று சொல்லவில்லை.

சற்று நேரத்தில் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். ஐப்பசியில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. "அக்கா, இங்க இப்பவே சில்லுனு ஆயிருச்சுங்க. பாப்பாவ வெச்சுட்டு பயமா இருக்கு. அங்க வரலாங்களா?"

"இதென்ன கேள்வி பிள்ளை, உடனை வாரும்."

வந்தார்கள். குழந்தையை அவள் என் கையில் தந்தாள். நான் அதன் முழு உடுப்பைக் கழற்றினேன், தடித்த கம்பளியைக் கழற்றினேன். பிடரியில் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு மெல்லிய கம்பளியையும் கழற்றினேன். தாய் கொஞ்சம் பதறினாள். "கழட்டலாங்களாக்கா?" ஒரு பருத்திச் சட்டையோடு மட்டும் சோபாவில் கிடத்தியதும் அந்தக் குழந்தை கைகாலை உதறிக் காற்றில் சைக்கிள் ஓட்டத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து மாரிக்குள் பொதியாகக் கிடந்த பிள்ளை. தன் கால்களை இன்றுதான் கண்டதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பகல் முழுக்க அவர்கள் எங்களோடுதான். இடியப்பத்தைச் சம்பலோடு ஆறியபடியே சாப்பிட்டோம். என் கணவர் கூடாரப் பயணத்துக்கு வாங்கி ஒருநாளும் பாவிக்காத சிறிய வாயு அடுப்பை வெளிப்படியில் வைத்து, குளிரங்கியோடு குந்தியிருந்து தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்னார். இருபத்தொன்று. இருபத்தொன்று. இன்னும் இருபத்தொன்று.

"அப்பா, ரேடியோ மாதிரி சொல்லாதேங்கோ, பேபி நித்திரை" என்றாள் மகள்.

மாலை இருட்டியதும் மெழுகுதிரி ஏற்றினோம். குழந்தை என் கணவரின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த இளைஞன்தான் கேட்டான்: "அண்ணே, நீங்க வந்தப்பவும் இப்படித்தான் குளிருங்களா?" அந்தக் குளியலறை விருந்துக்குப் பிறகு "சார்" போய் "அண்ணே" வந்திருந்தது.

என் கணவர் குழந்தையின் தலையை மடியில் சரிசெய்தார். பிறகு வடக்கே மீன் பதனிடும் ஊரில் தான் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து நேராக அங்கே போய் இறங்கியவர். அவர் அங்கே வேலை செய்தது எனக்குத் தெரியும். ஆனால் படுத்த இடத்தைப் பற்றி அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

"நாலு பொடியள் ஒரு அறை. பலகைச் சுவர். காலமை எழும்பினால் தண்ணிப் போத்திலிலை ஐஸ் நிக்கும். எனக்குத் தெரியும், மற்றவங்களும் நித்திரை இல்லாமல்தான் கிடக்கிறாங்கள் எண்டு. பல்லு அடிக்கிற சத்தம் கேக்கும். ஆனால் ஒருத்தனும் வாயைத் திறந்து குளிருது எண்டு சொல்லேல்லை."

"ஏண்ணே?"

"சொன்னால் எல்லாரும் அழுதிருப்பம்."

கம்பளித் தொப்பியும், சுகாதாரமான குளிரும், நான் ஒரு மாரி முழுக்கச் சிரித்த மற்றதெல்லாமும் எனக்கு நினைவுக்கு வந்தன. மகள் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட இருந்தாள்.

"இனிக் குளிர்ந்தால் சொல்லுங்கோ அப்பா."

"இனி எங்கை குளிரப் போகுது" என்றார். குழந்தையைக் குலுக்காமல் கழுத்தை மட்டும் நீட்டி வெப்பமானியைப் பார்த்தார். "இருபது" என்றார் மெல்ல. பகல் முழுக்க இறங்கியது ஒரேயொரு பாகை.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். அவர் முகத்தில் மட்டும் சிறிய ஏமாற்றம். "நாளைக்கு வரைக்கும் தாங்கியிருக்கும்" என்றார். அவர்கள் வீட்டுக் குளிர் போகும்வரை அந்தத் தம்பதி எங்களோடு தங்கட்டும் என்று நான் சொன்னேன். தங்கினார்கள். வடக்கு மூலை அறையில் படுத்தார்கள்.

இப்போது அவர்கள் சொந்தமாக வீடு தேடுகிறார்கள். தேடுவது அவர்கள், பார்ப்பது என் கணவர். வீடு பார்க்கப் போனால் சப்பாத்துக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை போடச் சொல்வார்களே, இவர் சப்பாத்தையே கழற்றிவிட்டுக் காலுறையோடு போய் ஒவ்வொரு மூலையிலும் நிற்பாராம். காற்று வருகிறதா என்று சுவரிலுள்ள மின்செருகித் துவாரங்களில் புறங்கையைக் காட்டுவாராம். ஒரு முகவர் இவரை நகரசபையிலிருந்து வந்த சோதனைக்காரர் என்று நினைத்து, பழைய குறைகளையெல்லாம் தானாகவே சொல்லிவிட்டாராம். இன்னொருவர், வாங்குவது நீங்களா என்று கேட்டிருக்கிறார்.

"இல்லை, நான் பிள்ளையின்ரை ஆள்" என்றாராம், தள்ளுவண்டியைக் காட்டி.

இன்றும் போயிருக்கிறார்கள். வெளியே நல்ல குளிர். தெருவில் ஒரு மனிதரையும் காணவில்லை. மகள் மேலே படிக்கிறாள், தன் அறையில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு. நான் பருத்திச் சட்டையோடு சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். சற்றுமுன் தொலைபேசியில் அழைத்தார்.

"வீடு நல்லதுதான். ஆனால் சாப்பாட்டு அறையிலை ஒரு மூலை எனக்குப் பிடிக்கேல்லை. இன்னொருக்கால் சுத்திப் பாத்திட்டு வாறம். நீர் என்ன செய்யிறீர்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றேன். "ஆறுதலாய்ப் பாத்திட்டு வாருங்கோ."